வரப்போகிற சுவருக்கு

நாற்பத்தாறு வயதுப் பெண்மணியைப் "பாப்பா" என்று கூப்பிடுவது எந்த ஊர் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். அண்ணன் அப்படித்தான் கூப்பிட்டார். அண்ணன் கூப்பிட்டதால் அண்ணியும், அண்ணி கூப்பிட்டதால் அக்கம்பக்கமும், கடைசியில் பால் பாக்கெட் போடுகிறவர் வரைக்கும் அதுவே பழகிப்போனது. தலையில் பாதி நரைத்து, மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்த பிறகும் அவள் பாப்பாதான். அவளுக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது. அது அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கடையின் வருகைப் பதிவேட்டில் மட்டும் தினம் ஒரு முறை தலை காட்டியது.

அந்தக் கடையில் அவளுக்கு இருபது வருட சர்வீஸ். டாக்டர் எழுதிக்கொடுத்த பவர் சீட்டோடு வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, மூக்குக்கும் காதுக்கும் தக்கபடி ஃபிரேம் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. வாயில் பொய் வராது. "இது வேண்டாம் சார், உங்க முகத்துக்குப் பெரிசு. தூரத்துல இருந்து பார்த்தா கண்ணாடிதான் வருது, நீங்க வரல" என்று நேருக்கு நேர் சொல்லிவிடுவாள். ஆரம்பத்தில் வியாபாரம் போய்விடும் என்று முதலாளி பயந்தார். போகப்போகப் பார்த்தால், அவளிடம் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு கண்ணாடி போடுவதற்கென்றே ஜனம் வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

இந்த அளக்கிற பைத்தியம் கடையோடு நின்றிருந்தால் இவளைப் பற்றி எழுத ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் சனிக்கிழமை காலை ஏழு மணி ஆனால் போதும், கைப்பையில் ஒரு டேப்பையும் சின்ன நோட்டையும் போட்டுக்கொண்டு பழைய சாமான் கிடங்குக்குக் கிளம்பிவிடுவாள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை அது. வெளிநாடு போகிறவர்கள், பாகம் பிரிக்கிறவர்கள், பெரியவர்கள் போன பிறகு வீட்டை இடிக்கிறவர்கள் என்று எல்லாரும் மொத்தமாக வீட்டைக் காலி செய்து கொட்டும் இடம். ஒரு பல் டாக்டரின் நாற்காலி, மூன்று கால் கட்டில், யாரோ பூட்டுக் கம்பெனி நடத்தியபோது விளம்பரத்துக்கு வைத்திருந்த ஆளுயரப் பூட்டு பொம்மை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மரச்சட்டம் போட்டு மாட்டியிருந்த, செத்துப்போன பெரியவர்களின் படங்களும் வரும். ஜனம் சட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பெரியவரைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டுப் போகும். அப்படி அநாதையான பெரியவர்களை ஒரு மூலையில் அடுக்கி, மேலே ஒரு துணியும் போர்த்தி வைத்திருந்தார் கிடங்குக்காரர். தூக்கிப்போட மனசு வரவில்லை என்பார்.

கடையில் புதிதாக வாங்குகிற சாமான் அடுத்த வீட்டிலும் இருக்கும், எதிர் வீட்டிலும் இருக்கும். இங்கே கிடைப்பது ஒன்றே ஒன்று. பாப்பாவுக்கு அதுதான் போதை. நாலு பேர் தாண்டிப்போன பழைய பலகையை அவள் நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். பச்சைப் பெயிண்டுக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே நல்ல மரம். உடனே டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் என்று அளந்து நோட்டில் குறித்துக்கொள்வாள்.

"எந்தச் சுவருக்கும்மா?" என்று கிடங்குக்காரர் கேட்பார்.

"வரப்போற சுவருக்கு" என்பாள் பாப்பா.

அந்தச் சுவர் நோட்டில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, இரண்டு ஜன்னல். பதினோரு வருடத்துக்கு முன் அவளே பென்சிலால் வரைந்த வீடு. என்றைக்காவது ஒரு நாள் தனியாக இருக்கப்போகிற வீடு. அதற்குத்தான் அவள் சனிக்கிழமை தோறும் சாமான் சேர்த்தாள்.

கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறமாட்டார்கள். ஒரு சாமான் மேல் கை வைத்தவர் கையை எடுக்கிற வரைக்கும் அடுத்தவர் அதற்குப் பேரம் பேசக் கூடாது. ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு இழுப்பறை வைத்த ஒரு சின்ன அலமாரி வந்தது. மருந்துக் கடையிலோ விதைக் கடையிலோ இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பறையும் ஒரு கை நுழைகிற அளவு, ஒவ்வொன்றுக்கும் பித்தளையில் குமிழ். பாப்பா இடது பக்கம் கை வைத்த அதே நிமிஷம் வலது பக்கம் இன்னொரு கை விழுந்தது. ஹோட்டல்களுக்கு அலங்காரம் செய்து கொடுக்கிற ஒரு ஆள். இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. கிடங்குக்காரர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார். அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி. கடைசியில் அந்த ஆள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற ஆரம்பித்தார்.

"சார், பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றாள் பாப்பா, மெதுவாக.

அவர் போனார். இழுப்பறை அலமாரி இவளுக்கு வந்தது. வீட்டில் புலி, வெளியில் எலி என்று சொல்வார்கள். இவள் கதை தலைகீழ். கிடங்கில் ஒன்றரை மணி நேரம் கையை எடுக்காதவள், அண்ணன் வீட்டில் தன் சாமான் மேல் ஒரு நிமிஷம்கூடக் கை வைக்கமாட்டாள்.

அந்த வீட்டுக்கு அவள் வந்தது இரண்டு மாதத்துக்கு. அண்ணிக்குப் பிரசவம். "ரெண்டே ரெண்டு மாசம் வந்து இரு பாப்பா" என்று அண்ணன் கூப்பிட்டார். பிறந்த குழந்தைக்கு இப்போது இருபத்திரண்டு வயது. நடுவில் இரண்டு வரன் வந்தது. முதல் வரன் வந்தபோது அண்ணிக்கு முதுகில் ஆபரேஷன். இரண்டாவது வந்தபோது அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை, வீட்டில் ஆள் வேண்டும். "இந்த வருஷம் போகட்டும்" என்றார்கள். அந்த வருஷம் போனது, அதற்கடுத்ததும் போனது. யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. அதுதான் கொடுமை. கட்டிப்போட்டிருந்தால் அவிழ்த்துக்கொண்டாவது ஓடியிருக்கலாம்.

அண்ணி கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். பாப்பாவுக்கு டைபாய்டு வந்தபோது பதினான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவள். கெட்டவளாக இருந்திருந்தால் பாப்பா என்றைக்கோ சண்டை போட்டுவிட்டுத் தப்பித்திருப்பாள். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் மீளவே முடியாது, அனுபவப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் போனது குதிரைத் தலை வைத்த கோட்டு மாட்டி. "உன் ரூம்ல சும்மாதானே தூசி பிடிச்சுக் கிடக்கு? ஹால்ல மாட்டினா நாலு பேர் பார்ப்பாங்க" என்றாள் அண்ணி. சரிதானே என்று பாப்பாவே ஆணி அடித்துக் கொடுத்தாள். பிறகு ஆளுயர நிலைக்கண்ணாடி. பிறகு கொக்கு பறக்கிற படம் போட்ட மடிப்புத் தட்டி. பிறகு கப்பலில் இருந்து வந்ததாகச் சொன்ன வட்ட ஜன்னல். ஹாலுக்கு வந்த சாமான் ஹாலோடு சரி. திரும்பி அவள் அறைக்குப் போன சரித்திரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியின் சிநேகிதிகள் வருவார்கள். அண்ணி முன்னால் நடப்பாள், அவர்கள் பின்னால் நடப்பார்கள்.

"இந்தத் தட்டி இருக்கே, எவ்வளவு அலைஞ்சு பிடிச்சது தெரியுமா? கடைகள்ல இந்த மாதிரி கிடைக்கவே கிடைக்காது."

அலைந்தது யார் என்று அண்ணி சொல்லமாட்டாள். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமும் அவளுக்குக் கிடையாது. இத்தனை வருடம் ஒன்றாக இருந்ததில் பாப்பாவின் கால் எது, தன் கால் எது என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. அலைந்த கால் தேநீர்த் தட்டோடு அதே நேரத்தில் ஹாலுக்குள் வரும். "எங்க பாப்பா போடுற டீ மாதிரி யாருக்கும் வராது" என்று அண்ணி பெருமையாகச் சொல்வாள். பாப்பா ஹாலுக்குப் போன தன் நிலைக்கண்ணாடியில் தன்னையே தட்டோடு பார்ப்பாள். அப்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு எரிச்சல் எழும். உடனே அந்தக் கஞ்சி நினைவுக்கு வரும். எரிச்சல் அடங்கிவிடும்.

அவள் அறை எட்டடிக்கு ஒன்பதடி. இஸ்திரி மேஜையும், அண்ணன் மகளின் பழைய புத்தகப் பெட்டிகளும் அதற்குள்தான். கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்து ஏழு வருடம். யார் எப்போது துணி எடுக்க வருவார்கள் என்று தெரியாததால் யாரும் அதைச் சரிசெய்யவில்லை. அதற்குள் அவளிடம் மிஞ்சியது மூன்றே மூன்று சாமான். பன்னிரண்டு இழுப்பறை அலமாரி, பச்சைக் கண்ணாடி மூடி போட்ட ஒரு மேஜை விளக்கு, ஒரு முழம் அகலத்தில் ஒரு வட்டக் கண்ணாடி.

இந்த நிலையில் ஒரு நாள் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். தட்டச்சுப் பள்ளி நடத்தி ஓய்வு பெற்றவர். தங்க நிறத்தில் ஒரு ஃபிரேமை எடுத்து மாட்டிக்கொண்டு எப்படி என்று கேட்டார்.

"நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கும்மா. கழட்டிடுங்க" என்றாள் பாப்பா.

அம்மாள் முறைத்தார். பிறகு சிரித்தார். இவள் எடுத்துக்கொடுத்த சாதாரணக் கறுப்பு ஃபிரேமை வாங்கிக்கொண்டு போனவர், மறுவாரம் திரும்பி வந்தார்.

"என் வீட்டு மாடி காலியா இருக்கு. ஒரே ரூமு, சமையல்கட்டு, பாத்ரூம். பார்க்க வர்றவங்க எல்லாம் வாய்கூசாம பொய் சொல்றாங்க. உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

பாப்பாவின் கையில் இருந்த திருப்புளி கீழே விழுந்தது.

"எனக்கே வேணும்மா" என்றாள். அதைச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தாள். கடைக்குப் பின்னால் இரண்டாவது தெரு. சுண்ணாம்பு அடித்து முடித்த வெறும் அறை, ஒரே ஒரு ஜன்னல். அம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே போனதும், பாப்பா முதலில் செய்த காரியம் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டதுதான். போட்டுவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா நின்றாள். யாரும் தட்டவில்லை. யாரும் "பாப்பா" என்று கூப்பிடவில்லை. பிறகு டேப்பை எடுத்தாள்.

அளந்து பார்த்தால் எதுவுமே பொருந்தவில்லை. நிலைக்கண்ணாடிக்கு இங்கே சுவர் அகலம் பற்றாது. மடிப்புத் தட்டியை விரித்தால் கதவு திறக்காது. பதினோரு வருடமாக நோட்டில் எழுதி வைத்த அளவுகளைத் திரும்பப் பார்த்தாள். அப்புறம்தான் விஷயம் விளங்கியது. பென்சிலால் அவள் வரைந்த வீட்டின் பெரிய சுவர், அங்குலம் பிசகாமல் அண்ணன் வீட்டு ஹால் சுவர். தினம் பார்த்த சுவரைத்தான் கை வரைந்திருக்கிறது. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே மில்லிமீட்டர் அளக்கிறவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று பாப்பா அந்த வெறும் அறையில் தனியாக நின்று சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமானது.

நிலைக்கண்ணாடி போகட்டும், தட்டியும் போகட்டும் என்று முடிவு செய்தாள். அறையில் இருக்கிற அந்த மூன்று சாமான் மட்டும் போதும். இழுப்பறை அலமாரிக்கு ஜன்னலுக்குக் கீழே சரியாக இடம் இருந்தது.

"வர்ற சனிக்கிழமைக்குள்ள வந்துடு. இல்லேன்னா வேற ரெண்டு பேர் கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றார் அம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாப்பா விஷயத்தைச் சொன்னாள். முந்தின நாள் முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் காற்றில் போய்விட்டன. "நான் தனியா ஒரு வீடு பார்த்திருக்கேன்" என்று மட்டும்தான் வந்தது.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன குறை வச்சோம் உனக்கு? நான் ஏதாவது சொன்னேனா? சொல்லு, நான் ஏதாவது சொன்னேனா?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி. குறையும் இல்ல."

"அப்புறம் எதுக்கு? இந்த வீடே உன் கையால ஆனதுதானே. எந்தச் சாமான் உன்னுது இல்ல இங்க? உன் வீட்டை விட்டுட்டு நீ எங்க போறே?"

வேறு யாராவது வந்திருக்கும்போது இதைச் சொல்லியிருந்தால் பாப்பா உருகியிருப்பாள். இப்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அத்தை, அங்க தனியா போர் அடிக்காதா?" என்றாள் அண்ணன் மகள். அவளுக்கு இது ஏதோ சுற்றுலா மாதிரி.

அண்ணன் சாப்பிட்டு முடித்து எழுந்தார். அவர் கட்டட இலாகாவில் ஓவர்சீயராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் ஊரார் கட்டிய சுவரை எல்லாம் தட்டிப் பார்த்தவர், இப்போது தட்ட சுவர் இல்லாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து, "அந்தம்மா யாரு, எப்படின்னு விசாரிக்கணும். நம்பர் குடு" என்றார். அண்ணன் விசாரிக்கிறார் என்றால் சம்மதம்தானே? பாப்பா சந்தோஷமாக ஒரு துண்டுக் காகிதத்தில் அம்மாளின் நம்பரை எழுதிக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவர் அவள் அறைச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணா?"

"ஈரம் ஏறியிருக்கான்னு பார்க்கிறேன்."

சரி, பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அந்த வாரம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணி வழக்கத்தைவிட அன்பாக இருந்தாள். ஒரு நாள் பாப்பாவின் காலுக்குத் தைலம்கூடத் தேய்த்துவிட்டாள். பாப்பாவுக்கு அழுகை வந்தது. போகவே வேண்டாமா என்று புதன்கிழமை நினைத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி அந்த மாடிக்குப் போய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். போகத்தான் வேண்டும் என்று தெரிந்தது. கடைக்குத் திரும்புகிற வழியிலேயே கிடங்குக்காரருக்குப் போன் செய்து, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி அனுப்பச் சொன்னாள்.

"அந்தச் சுவர் வந்துருச்சாம்மா?" என்றார் அவர்.

"வந்துருச்சு. மூணே சாமான்தான்."

"மூணா? நான் உனக்கு ஒரு லாரி சாமான் குடுத்திருக்கேனேம்மா!"

"அதெல்லாம் வேற சுவருக்குப் போயிடுச்சுங்க" என்றாள் பாப்பா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு இரண்டு மாடி ஏறி வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே ஈர சிமெண்ட் வாசம். செருப்பு விடுகிற இடத்தில் மணல் சிந்திக் கிடந்தது. அண்ணன் மகள் ஓடிவந்து பின்னாலிருந்து அவள் கண்ணைப் பொத்தினாள்.

"அத்தை, பார்க்கக் கூடாது. நடங்க. இன்னும் ரெண்டு அடி. சரி, இப்ப பாருங்க!"

பாப்பாவின் அறை. இஸ்திரி மேஜை இல்லை, புத்தகப் பெட்டிகள் இல்லை. சுவர்கள் வெளிர் மஞ்சளில் பளிச்சென்று இருந்தன. எதிர்ச் சுவரில் ஒரு மாடம் வெட்டி, அதற்குள் பன்னிரண்டு இழுப்பறை அலமாரியை இறக்கி, நாலு பக்கமும் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தது. சுவரும் அலமாரியும் ஒரே மட்டம். வட்டக் கண்ணாடியைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்கு சிமெண்டில் கரை கட்டி, அதையும் சுவரோடு சுவராக்கியிருந்தது. பச்சை விளக்கின் தண்டைப் பாதியில் அறுத்து, கட்டிலுக்கு மேலே சுவரில் பதித்து, ஒயரை உள்ளே விட்டிருந்தது. ஸ்விட்ச் போட்டால் எரிந்தது.

"எப்படி இருக்கு? ஒரு வாரமா அண்ணன் பிளான் போட்டாரு. இன்னிக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு, கூடவே நின்னு, பூச்சு வேலை எல்லாம் அவரே செஞ்சாரு. மத்தியானம் சாப்பிடக்கூட வரல" என்றாள் அண்ணி. உண்மையாகவே அவள் முகம் பூரித்திருந்தது. "தனி வீடு வேணும்னு ஆசைப்பட்டேல்ல? இனிமே இதுதான் உன் வீடு. உன் சாமானை யாரும் தொட முடியாது. தொட்டாலும் வராது."

அண்ணன் மகள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அந்த டிராயர்ல ஒண்ணைத் திறக்கற மாதிரி நில்லுங்க, ஒரு போட்டோ" என்றாள்.

பாப்பா போய் ஒரு குமிழைப் பிடித்து இழுத்தாள். இழுப்பறை பாதி வந்து நின்றது. உள்ளே சிமெண்ட் கசிந்து இறுகியிருந்தது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அவளுக்கு வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் வர இடம் வேண்டும், அதையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள்.

"பிடிச்சிருக்கா பாப்பா?" என்றார் அண்ணன். வாசல்படியில் நின்றிருந்தார். இரண்டு கையிலும் விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் அரித்துத் தோல் வெடித்திருந்தது. அறுபது வயதுக் கை.

எதிரே இருப்பவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவளுக்கு ஒரு நொடியில் பதில் வரும். இங்கே சட்டென்று வேறு ஒன்று வந்தது.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வண்டி வருது அண்ணா."

"எதுக்கு வண்டி? நானே அந்தம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். நீ வரலன்னு. காலையிலேயே சொல்லிட்டேன். உனக்கு எதுக்கு அந்தச் சங்கடம்னு."

அண்ணன் மகள் போனை இறக்கினாள்.

"என்னங்க, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?" என்றாள் அண்ணி. அவளுக்கும் இது புதுச் செய்தி. பூரிப்பெல்லாம் முகத்திலிருந்து வடிந்துவிட்டது.

பாப்பா கட்டிலில் உட்கார்ந்தாள். கைப்பையை இன்னும் தோளிலிருந்து எடுக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷத்துல நான் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான் அண்ணா. அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் அண்ணன். "அதனாலதான் பண்ணேன்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் அப்படித் தலை குனிந்து பாப்பா பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் சுவரில் குற்றம் கண்டுபிடித்த மனிதர், தான் பூசிய சுவருக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார்.

"ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. இந்த வீட்ல நான் ஒண்ணு சொன்னா நின்னு கேக்கறது நீ ஒருத்திதான். உங்க அண்ணி டிவி பார்ப்பா. இவ போனைப் பார்ப்பா. நீ சாயங்காலம் வந்து, 'அப்புறம் அண்ணா?'ன்னு கேப்பே. அதுக்காகத்தான் நான் காலையிலேர்ந்து காத்துக்கிட்டு..." விரலில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினார்.

"இதை வாயால சொல்லியிருக்கலாமே. போகாதே பாப்பான்னு ஒரு வார்த்தை. அதுக்குச் சிமெண்ட் எதுக்கு?"

"கேட்டா நீ இருந்திருப்பியா?"

"இருந்திருப்பேன்" என்றாள் பாப்பா.

அது பொய்யில்லை. பொய் அவளுக்கு வராது. புதன்கிழமை கேட்டிருந்தால் வண்டிக்கே சொல்லியிருக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று விட்டிருப்பாள். இன்னும் இருபத்திரண்டு வருடம் சந்தோஷமாகத் தேநீர் போட்டுக்கொண்டு இருந்திருப்பாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

எழுந்து கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து நாலு துணியை எடுத்து ஒரு துணிப்பையில் வைத்தாள். மூட்டுத் தைலத்தையும் எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, எங்க போறீங்க?"

"அந்தம்மாகிட்ட என் வாயால பேசணும்டி. இன்னும் வேற யாருக்கும் குடுத்திருக்கமாட்டாங்க. குடுத்திருந்தா வேற வீடு."

"உன் சாமான் எல்லாம்?" என்றாள் அண்ணி. அவள் குரல் உடைந்திருந்தது.

பாப்பா மஞ்சள் சுவரைப் பார்த்தாள். கொண்டுபோக ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் அவளைப் பிடித்து நிறுத்தியதில் பாதி, இவ்வளவையும் எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்ற கவலைதான். அந்தக் கவலையையும் அண்ணன் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்.

"இருக்கட்டும் அண்ணி. உங்க முதுகுக்கு மாத்திரை ஃபிரிட்ஜுக்கு மேல இருக்கு, இன்னும் ஆறு நாளைக்கு வரும்" என்றாள்.

அண்ணியைக் கட்டிக்கொண்டாள். வாசற்படியில் நின்ற அண்ணனைத் தாண்டும்போது அவர் வெடித்த கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு, "தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்றாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள்.

இரண்டாவது திருப்பத்தில் இருக்கும்போது மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"போகாதே பாப்பா" என்றார்.

பாப்பா நின்றாள். கண்ணில் முட்டிய தண்ணீரில் படிகள் எல்லாம் ஒன்றாகக் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தப் படி எங்கே என்று பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, மிச்சப் படிகளையும் இறங்கினாள்.